தானாக வெளுத்த விரிப்புகள்

அன்பு மிக்க என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்களும் சுகமென்று உங்கள் கைப்பட எழுதினால்தான் நம்புவேன். ஒரு பெரிய சேதி இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் வரிசையாகப் படியுங்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஹோட்டல் சலவைப் பிரிவில் பொறுப்பாளர் இடம் காலியானதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அந்த வேலைக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவு பூட்டியிருக்காது. அதனால் அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு கண். இத்தனை வருடம் மாடாய் உழைக்கிறோம், கேட்காமலே வந்து சேரும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன வாரம் யாரோ ஒரு சிவப்புத் துணியை வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு சேர்த்து, புதிதாக வாங்கிய மெஷினில் போட்டுவிட்டார்கள். வெளியே எடுத்தால் எல்லாம் ரோஸ் கலர்! சாயங்காலம் விருந்தினர்கள் வருகிறார்கள். காய்ந்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று, ஈரத்தோடு ஈரமாகச் சுடுதண்ணீரில் பிளீச்சிங் போட்டு ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்து, பொழுது சாய்வதற்குள் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் வழக்கம்போல, "சரியாயிடுச்சு சார்" என்றேன்.

மறுநாள் அவர் முதலாளியிடம் பெருமையாகச் சொன்னாராம், புது மெஷின் பிரமாதம், சாயமெல்லாம் தானாகவே போய்விடுகிறது என்று! கூடவே, சலவைப் பிரிவில் பொறுப்பெடுத்துச் செய்ய ஆள் இல்லை, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னாராம்.

இஸ்திரி போடும் என் தோழி, நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவள்தான் இந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "துவைச்சாச்சு, காஞ்சிடுச்சு, சரியாயிடுச்சு... என்னைக்காவது உன் வாயில 'நான் செஞ்சேன்'னு வந்திருக்காடி? எல்லாம் தானா ஆகுதுன்னா அவரு மெஷினைத்தானே பாராட்டுவாரு?" என்றாள். முதலில் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான், நான் என்பது அகம்பாவம் என்று நினைத்து நினைத்து அந்தச் சொல்லையே விழுங்கிவிட்டிருக்கிறேன்.

அன்று வீட்டில் கண்ணாடி முன் நின்று, "நான் செஞ்சேன் சார்" என்று சொல்லிப் பழகினேன். 'நான்' வருவதற்குள் நாக்கு குழறுகிறது. மகள் பக்கத்தில் நின்று மார்க் போட்டாள். முதல் தடவை முட்டை.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், அந்த விரிப்பெல்லாம் தானா வெளுக்கல. நான்தான் வெளுத்தேன்" என்றேன். சொல்லிவிட்டேனா, அப்புறம் வாய் நிற்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன், மெஷின் மக்கர் பண்ணினால் நான்தான் பார்க்கிறேன், பொறுப்பாளர் இடத்தை எனக்கே கொடுங்கள் என்று கேட்டே விட்டேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். பிறகு, "அப்போ நான் மெஷினையா மெச்சிக்கிட்டிருந்தேன்?" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றும் கேட்டார். முதலாளியிடம் பேசிவிட்டு நேற்று கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து நான்தான் பொறுப்பாளர்! ரேடியோ கட்டடம் முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். மகள் கட்டிலில் ஏறிக் குதிக்கிறாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது.

இப்போது உங்கள் சங்கதிக்கு வருகிறேன். ஊரைவிட்டுப் போய் நீங்கள் வேலை பார்க்கும் அந்தக் கிடங்கில் உங்களைவிட உழைக்கிறவர் யார்? ஆனால் ஒவ்வொரு முறையும் "லீவு கிடைக்கல" என்கிறீர்கள். கேட்டீர்களா? போன முறை உங்களுக்கு வரவேண்டிய லீவை இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பிவிட்டு வந்தீர்கள். நாளைக்கே போய், "எனக்கு லீவு வேணும் சார்" என்று சொல்லுங்கள். கண்ணாடி முன் பழகிக்கொண்டு போங்கள், அறைத் தோழர் மார்க் போடட்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும், வீட்டில் எல்லோரும் உங்களைத் தேடுகிறார்கள் என்று எழுதுவேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அந்த வரியையும் இன்றைக்குத் திருத்திவிடுகிறேன்.

நான் தேடுகிறேன். கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
பொறுப்பாளர்