பதினொன்றுக்கு வந்துவிடுவாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அண்ணன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். சமையல் இப்போது நான்தான், ஒருநாள் உப்பு கூடும், ஒருநாள் மறந்தே போகும், கேட்க ஆளில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் மூன்று வாரமாக நாளை நாளை என்று இழுத்தடிக்கிறார். அம்மா போய் நாற்பது நாளாகிறது, அவள் பீரோவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை, நேரில் வரலாமென்று நேற்று விமான டிக்கெட் போடும் கடைக்குப் போனேன், அங்கேதான் என் வண்டவாளம் தெரிந்தது.

முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வண்டி சேர்ந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்தால் ஓடிய நேரம், வேறு கணக்கு தெரியாது. போன வருஷம் நீ வந்துபோன டிக்கெட்டையும் அப்படித்தான் கழித்தேன். அங்கே பத்துக்கு ஏறி இங்கே ஒன்றுக்கு இறங்கினாய், மூன்று மணி நேரம். திரும்பும்போது எட்டு மணி நேரம் வந்தது. மலை வண்டி ஏறும்போது திணறும், இறங்கும்போது பறக்கும், ஆகாயத்திலும் அப்படித்தான் போல என்று நானே முடிவு கட்டினேன். உங்கள் ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறதென்று போனில் பேசும்போது தெரியும், கழிக்கும்போது மண்டையில் ஏறவில்லை. நேரத்தைப் பற்றி நான் ஒருவரிடம் கேட்பதா என்ற கொழுப்பு வேறு. நாலாயிரம் கிலோமீட்டர், போனாலும் வந்தாலும் ஐந்தரை மணி நேரம் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் அந்த இரண்டரையைக் கூட்டியும் கழித்தும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையே உன் அம்மா, அவள வரச் சொல்லுங்க என்றாள். மூணு மணி நேரந்தானே, தேவைப்பட்டா கூப்பிட்டுக்கலாம் என்று தள்ளிப்போட்டவன் நான். திங்கள் சாயங்காலம் டாக்டர் கைவிரித்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். மறுநாள் காலை இங்கே ஏழரைக்கு, ஏறிட்டேன்ப்பா என்று உன் செய்தி வந்தது. பதினொன்றுக்கு உன் பக்கத்துல இருப்பா என்று அவளிடம் சொன்னேன், அவள் நர்ஸைக் கூப்பிட்டுத் தலை வாரிக்கொண்டாள். பதினொன்றரை ஆனது, கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ கெளம்பவே இல்லியோ, எனக்காகப் பொய் சொல்றீங்களோ என்று கேட்டாள். லேட் பண்ணிட்டா போல என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டே காலுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு நீ ஓடிவந்தாய். ஏர்போர்ட்ல கடை சுத்திட்டு வந்தியா என்று உன் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டான். நேராத்தான் வந்தேன் என்று நீ அழுததை யாரும் காதில் வாங்கவில்லை. அவனுக்கும் பதினொன்று என்று சொன்னது நான்தான், நானும் மனசுக்குள் உன்னைத்தான் குறை சொன்னேன். நேற்று அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், சாப்பிடாமல் தட்டை விட்டு எழுந்து போய்விட்டான். உன்னைக் கூப்பிடுவான், மறக்காமல் போனை எடும்மா.

டிப்போவில் வண்டி தாமதமானால் காரணம் எழுதுவேன், டிரைவர்மேல் தப்பில்லை என்றால் அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நீ தாமதமாக வரவில்லை. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதை உன்னிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்ல வழியில்லை.

இப்படிக்கு,
நேரம் தப்பாகச் சொன்ன உன் அப்பா