மைமூனா ஏறிய கல்யாண வண்டி

அன்பு மகள் சுலைகாவுக்கு, நுவாக்ஷோத்திலிருந்து வாப்பா பில்கைர் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் காவல் உன்மேல் இருக்கட்டும். நானும் உம்மாவும் ஏதோ இருக்கிறோம், நீயும் அந்த பிரஸ்ஸல்ஸ் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும். உம்மாவின் முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை, டாக்டர் நடக்காதே என்கிறார், இவள் கேட்பாளா, மீன் வாங்கக் கடற்கரைக்கே போய்விடுகிறாள். போனில் பேசினால் என்ன என்று நினைப்பாய். போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், இரண்டு வருடமாக நாம் பேசுகிற லட்சணம் அதுதானே. அதனால் கடிதம். உன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

விஷயம் உன் மாமி தெக்பரைப் பற்றியது. சட்டப்படி நம் நாட்டில் அடிமை என்று ஒருவரும் கிடையாது, என் தங்கை மட்டும் பிறந்ததிலிருந்து புத்திலிமித் சாலையில் ஸிதாத்தி வீட்டில் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வாப்பா என் இருபதாவது வயதில் என்னைப் போகச் சொன்னார், அவளைச் சொல்லவில்லை. போன மாதம், அடிமைகளை மீட்கிற உன் சங்கத்துக்காரர்கள் ஒரு போலீஸ் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார்கள். உன் கூட்டாளி புபக்கர் நல்ல பிள்ளைதான், ஆனால் ஆளுக்கு முன்னால் வாய் போகும். எடுத்த எடுப்பில், நீங்கள் அடிமையா என்று அவளைக் கேட்டிருக்கிறான், அதுவும் அவள் ஸிதாத்திக்கு டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது. எந்தப் பொம்பளை ஆமாம் என்பாள். "நான் யாருக்கும் அடிமையில்ல, ஸிதாத்தி எம் பாலக் குடிச்சு வளந்த புள்ள" என்று சொல்லிவிட்டாள். பார்த்தீர்களா, இவள் எனக்குத் தாய் மாதிரி என்று ஸிதாத்தியும் சொல்ல, அதிகாரி நோட்டை மூடிவிட்டார். போன பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்த முறை அதே அதிகாரியோடு சங்கத்து வக்கீல் ஐஷத்து போனார், அண்ணன் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தைரியம் வரும் என்று என்னையும் அழைத்துப் போனார். அடிமை என்ற சொல்லையே அந்த அம்மாள் எடுக்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், வீட்டில் யார் முதலில் சாப்பிடுவார்கள், கடைசியாக அண்ணன் வீட்டுக்கு எப்போது போனீர்கள் என்று சாவகாசமாக விசாரித்தார். ஸிதாத்தி மறுபடியும் பால் கதையைத் தொடங்கினான். அதற்குத்தான் காத்திருந்தவர்போல, அப்படியென்றால் ஒரே பாலைக் குடித்த வகையில் தெக்பரின் மகள் மைமூனா மார்க்கப்படி உங்களுக்குத் தங்கை முறை, அவள் எங்கே என்று கேட்டார். லல்லாவுக்கு, அதுதான் கல்யாணமாகி நுவாதிபு பட்டணத்துக்குப் போன அவன் கூடப்பிறந்தவள், அவளுக்குத் துணையாகப் போயிருக்கிறாள் என்றான். ஒரு தங்கை கல்யாணத்துக்கு இன்னொரு தங்கையைச் சீராகக் கொடுத்தீர்களா என்றார் ஐஷத்து. அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தெக்பர் பக்கம் திரும்பி, பிள்ளையை அனுப்பும்போது உங்களைக் கேட்டார்களா என்றார். அவள் சொன்னாள்: "குட்டியத் தூக்குறவன் தாய் ஆட்டக் கேட்டுக்கிட்டா தூக்குறான்?" அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்றைக்கே தெக்பர் எங்களோடு வந்துவிட்டாள், இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள், உன் பழைய போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறாள்.

ஆனால் மைமூனா வரவில்லை. அனாதைப் பிள்ளை, தானாக வந்து சேர்ந்தது, நாங்கள் வளர்க்கிறோம் என்று லல்லா வீட்டில் சாதிக்கிறார்கள். ஸிதாத்தியும் இப்போது பேச்சை மாற்றிவிட்டான், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றும் கிடையாது. கல்யாணத்தன்று காலையில் தெக்பரைத் தண்ணீருக்குக் கிணற்றுக்கு அனுப்பிவிட்டார்கள், அவள் எதையும் பார்க்கவில்லை. பிள்ளையை வண்டியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்த ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னால்தான் மீட்க முடியும் என்கிறார் ஐஷத்து.

பெருநாளுக்குப் பெருநாள் அந்த வீட்டுக்குப் போய்ச் சும்மா ஆடறுத்துக் கொடுத்துவிட்டுத் தலையையும் குடலையும் வாங்கி வருகிறேன் என்று நீ என்னை ஏசினாயே, ஊரைவிட்டுப் போகும்போதும் அதைச் சொல்லிவிட்டுத்தானே போனாய். தங்கையைப் பார்க்கத்தான் போகிறேன் என்று நானும் சொன்னேன். பொய்யில்லை. பயமும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. லல்லா கல்யாணத்துக்கு ஏழு ஆடு அறுத்தவன் நான்தான், சுலைகா. மைமூனாவுக்கு அப்போது எட்டு வயது. பெட்டிகளையும் பாய்களையும் ஏற்றிவிட்டு அவற்றுக்கு நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்து மாமா என்று கூப்பிட்டாள். நான் குனிந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெக்பர் கிணற்றிலிருந்து வந்து கேட்டபோது, நான் கவனிக்கவில்லை என்றேன். மூன்று வருடமாக உன் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வருகிற திங்கட்கிழமை நீதிமன்றத்தில் இதைச் சொல்லப்போகிறேன். ஊரார் வாயிலிருந்து தெரிய வேண்டாம் என்று நேற்று தெக்பரிடம் முதலில் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "எனக்குத் தெரியும்ண்ணே, அந்த வண்டி ஒன்னத் தாண்டித்தான போவணும்" என்றாள். தெரிந்துமா ஒவ்வொரு பெருநாளுக்கும் என் முன்னால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையில் எங்களை நினைத்துக்கொள், மைமூனாவை மறக்காமல் நினைத்துக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வழக்கு ஜெயித்தால் உங்கள் சங்கத்துப் பத்திரிகையில் புபக்கர் என்னைப் பற்றி ஏதாவது பெரிதாக எழுத வருவான், விடாதே. பார்த்தவன், மூன்று வருடம் கழித்துச் சொன்னான் என்று மட்டும் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் வாப்பா
பில்கைர்