இல்லாத பாம்புக்குப் பால்

7-6-87, ஞாயிறு
குரோம்பேட்டை நண்பர் வீட்டிலிருந்து இரண்டு பொமரேனியன் குட்டிகள். பைக்குள் போட்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தேன். டிங்கு, ரூபி. உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். லோகநாயகி ஏற இறங்கப் பார்த்தாள். "தோட்டத்தோட இருக்கட்டும். கொல்லைப் படி தாண்டி ஒரு கால் உள்ளே வரப்படாது." பெண்டாட்டி தீர்ப்புக்கு இந்த வீட்டில் அப்பீல் கிடையாது. ஆனாலும் அதுகளை என் கட்டிலுக்கடியில் தூங்க வைக்காமல் விடப்போவதில்லை.

9-6-87
முடிச்சூரில் எங்கள் மனையைச் சுற்றி இன்னும் வயலும் புதரும்தான். காலையில் பருந்து ஒன்று வட்டம் போட்டது. "குட்டியைத் தூக்கிண்டு போயிடும், உள்ளே விடேன்" என்றேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், கொல்லை முழுக்க அவளுடைய பழைய ஒன்பது கஜப் புடவை பந்தலாகத் தொங்குகிறது!

12-6-87
கீரி வந்தது என்றேன். "காலம்பற கீரி முகத்துல முழிச்சேளா? ப்ரமோஷன் வரும்" என்கிறாள். தோல்வி.

17-6-87, புதன்
இன்று ஒரே போடாகப் போட்டேன். காம்பவுண்டு மூலைப் புற்றருகே நல்ல பாம்பு பார்த்தேன் என்று. படம் இத்தனை அகலம் — இரண்டு கையையும் விரித்தே காட்டினேன். காலண்டரில் பாம்பைப் பார்த்தாலே எனக்குத் தொடை நடுங்கும், அது வேறு விஷயம். அவள் முகம் வெளுத்தது. ஜெயித்தோம் என்று நினைத்தேன். அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நம்மாத்தைத் தேடி வந்திருக்கே!"

19-6-87, வெள்ளி
புற்றுக்கு மஞ்சள், குங்குமம், கிண்ணத்தில் பால். முட்டையும் வைக்கணுமாம். பக்கத்தில் கோழி வளர்க்கிற செல்வமேரி கொண்டுவந்தாள். லோகநாயகி முட்டையைத் தொடுவாளா? செல்வமேரியையே வைக்கச் சொன்னாள். "இன்னா சார், இத்தினி வருசமா இங்கயே கீறோம், எங்க கண்ணுல ஒண்ணும் ஆப்டல. உனக்கு மட்டும் எப்டி ஆப்டுச்சு?" என்று என் மூஞ்சியையே பார்த்தாள். செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

26-6-87, வெள்ளி
கிண்ணம் காலி. முட்டையில் ஓடுதான் மிச்சம். லோகநாயகிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. டிங்குவின் மீசையில் பாலும் மஞ்சளும்! வேட்டி நுனியால் அவசரமாகத் துடைத்துவிட்டேன். தயிர்சாத நாய்க்கு வந்த யோகத்தைப் பார்.

3-7-87
சிரிப்பு நின்றுவிட்டது. டிங்கு இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. புற்று ஓட்டைக்குள்ளேயே மூக்கை விட்டுத் தோண்டுகிறது. எலிகளும் வர ஆரம்பித்திருக்கின்றன. எலி வந்தால் பின்னாலேயே என்ன வரும்? முள் வெட்டிப் போட்டு அடைத்தேன். "தெய்வத்தோட வழியை அடைக்கறேளே" என்று அவளே எடுத்துப் போட்டுவிட்டாள். சொல்லிவிட வேண்டும் — பாம்பே இல்லை, நான் விட்டது புளுகு என்று. வாய் வரவில்லை. நாளைக்கு.

5-7-87
சொல்லவில்லை.

10-7-87, வெள்ளி
தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே செல்வமேரி. "நீ சொன்னது நெசம்தான் சார்! இப்பத்தான்... நாயி கொலச்சுகினு நிக்குது, அது எதுருல படம் எடுத்துகினு ஆடுது. விளக்கேத்தறதுக்குக் குளிச்ச அம்மா ஈரப் பொடவையோட ஓடியாந்து லபக்குனு தூக்கிகினு பூட்டாங்க. நான் போட்ட கூச்சல்ல அது பொந்துல பூந்துகிச்சு."

உள்ளே ஓடினேன். நாய் முடி புடவையில் பட்டால் மறுபடி குளிக்கிறவள், கூடத்துத் தரையில் உட்கார்ந்து இரண்டையும் மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தாள். "இனிமே இதுகள் உள்ளேதான்" என்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. குழாயடிக்குப் போய் அழுதேன். ஐயோ, என் அல்ப ஆசைக்கு இவளையே கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்திட்டேனே. டிங்குவுக்கு ஒண்ணு ஆகியிருந்தா? இவளுக்கு ஆகியிருந்தா?

17-7-87, வெள்ளி
குட்டிகள் கட்டிலுக்கடியில் இல்லை. கட்டில்மேல், அவள் பக்கம்.

காலையில் பால் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "இனிமே வெள்ளிக்கிழமை தோறும் நீங்கதான்." நானா என்றேன். டிங்குவை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்கோ. இன்னிக்காவது நிஜமாப் பார்த்துட்டு வாங்கோ."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. புற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் பாதி என் காலில் சிந்திவிட்டது.