அப்பாவுக்கு ஒரு ரிவால்வர்

பைன் ஹாலோ, ஆர்கன்சா, அமெரிக்கா
மார்ச், செவ்வாய்க்கிழமை

என் கண்ணு டார்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் யூவனும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்களா? ஸ்காட்லாந்தில் மழை விட்டதா இல்லையா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் போதும், உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றி அவர் காதுபடவே எப்படிப் பேசுவது? இப்போது எதிர்வீட்டு கிளோவிஸ் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட்டிஸின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருக்கிறார். அந்த இடைவெளியில் எழுதுகிறேன்.

ஜனவரியில் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். மறதி நோய், இனி இறங்குமுகம்தான். ஊரில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று காரிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சர்ச்சில் உள்ளவர்கள் தன்னைப் பாவமாகப் பார்க்கக் கூடாதாம். சரி என்று சொல்லிவிட்டேன். புயலிலும் பனியிலும் கம்பத்தில் ஏறி இந்த ஊருக்கே மின்சாரம் கொடுத்த மனுஷன், அந்த ஒன்றைத்தான் என்னிடம் கேட்டார்.

இப்போதைய கூத்து என்ன தெரியுமா? புதுத் துப்பாக்கி. இடுப்பில் வைத்திருந்த பழைய பிஸ்டலில் குண்டை ஏற்ற, அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அதற்கு அவர் கட்டைவிரலில் பலம் இல்லை. மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. ரிவால்வர் என்றால் எதையும் இழுக்க வேண்டாம், விசையை அமுக்கினால் உருளை தானாகச் சுற்றும். அதனால் பிஸ்டலைக் கொடுத்துவிட்டு ரிவால்வர் வாங்கப் போகிறேன் என்று ஆரம்பித்தார். நானும் ஒத்துக்கொண்டேன். ரிவால்வரின் விசை கனமாக இருக்கும், தெரியாமல் கை பட்டுச் சுட்டுவிடாது என்று எனக்கு ஒரு நிம்மதி.

பெரிய கடைக்கு நானும் கூடப் போனேன். விற்கிற பையன் கையடக்கமான ஒன்றை எடுத்து வைத்து, 'இறகு மாதிரி இருக்கும் சார், இடுப்புல இருக்கறதே தெரியாது' என்றான். உன் அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, 'தம்பி, தூக்கும்போது இறகுதான். சுடும்போது கழுதை உதைக்கும். என் கையப் பாத்தியா? எனக்கு முழு இரும்புல குடு, கனம்தான் உதைய வாங்கிக்கும்' என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காலை காபி இயந்திரத்தில் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் கையில் குவளையோடு நின்ற அதே மனுஷன், டார்லா. எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

குட்டைக் குழல், ஐந்து தோட்டா, முழு இரும்பு. அதோடு விட்டாரா? மரப்பிடி வழுக்குகிறது, ரப்பர் பிடி போட வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், தோட்டாவை அடிக்கிற சுத்தியலின் கொம்பு சட்டையில் மாட்டும், அதை வெட்ட வேண்டும். கண் மங்கல், அதனால் குறி பார்க்கும் முனைக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்க வேண்டும். என் கல்யாண கவுனுக்குக்கூட இவ்வளவு அளவு எடுத்ததில்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று துப்பாக்கி உறையை வலப்பக்கம் வைத்து, இடப்பக்கம் வைத்து, சட்டையை மேலே இழுத்து விட்டு, 'ஏ நேடி, ஏதாச்சும் தெரியுதா?' என்று கேட்கிறார். 'தொப்பைதான் தெரியுது' என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுடும் பயிற்சிக்குப் போகும் கிளப்பில் இனி வர வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரோ கூப்பிட்டார்களாம். இவர் குண்டு போட்ட துப்பாக்கியோடு அப்படியே திரும்பிவிட்டாராம். உனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதல் பாடமே அதுதானே? குழல் எப்போதும் முன்னால் பார்த்து இருக்க வேண்டும் என்று. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுது.

குழந்தைக்கு என் முத்தங்கள்.
உன் அம்மா, நேடீன்


பைன் ஹாலோ
ஜூலை, வெக்கை தாங்கவில்லை

என் அன்பு டார்லாவுக்கு,

உன் கடிதம் வந்தது. 'எடுத்து ஒளிச்சு வைம்மா, அவ்வளவுதானே' என்று எழுதியிருந்தாய். உன் ஊரில் போலீஸ்காரர் கையிலேயே துப்பாக்கி கிடையாது. உனக்கு அது அவ்வளவுதான். திட்டவில்லை, சோர்ந்துபோய் எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். அவர் குளிக்கப் போனபோது எடுத்து, ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தேன். ஐயோ, அன்றைய பாடு! அலமாரி, மெத்தை, கார் இருக்கை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார். சாப்பிடவில்லை. உட்காரவில்லை. வீட்டுக்குள் யாரோ வந்து திருடிவிட்டான் என்று கதவையெல்லாம் பூட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். துப்பாக்கி இருந்தபோதாவது நிம்மதியாகத் தூங்கினார். இல்லை என்றதும் எங்கே பார்த்தாலும் திருடன்தான்.

கடைசியில் கிளோவிஸுக்குப் போன் போட்டுவிட்டார். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? யாராவது செத்தால் மூடிய பாத்திரத்தில் சாப்பாடு கொண்டு வருவோமே, அந்த மாதிரி, தன்னுடைய இன்னொரு துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து நீட்டினார். குண்டும் சேர்த்து. 'பாவம், ராய்ஸ் வெறும் இடுப்போட நிக்கறான். பொருள் கிடைக்கற வரைக்கும் வச்சுக்கட்டும், நேடீன்' என்றார். அவர் கண்ணில் அவ்வளவு கனிவு. நோயைப் பற்றி நான் சொல்லாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? 'கிடைச்சிருச்சு, சலவைக் கூடையில இருந்துச்சு' என்று பொய் சொல்லி, உறைந்துபோன ரிவால்வரைத் துடைத்து உன் அப்பா கையில் கொடுத்தேன். ஒளித்து வைப்பது இந்த ஊரில் நடக்காது. நான் ஒன்றை எடுத்தால் எதிர்வீடு ஒன்றைக் கொடுக்கும்.

வெடிக்காத தோட்டாவாக மாற்றி வைக்கலாமே என்பாய். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே ஐந்தையும் கையில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து, துடைத்துத்தான் திரும்பப் போடுகிறார். அதில் மட்டும் மறதியே இல்லை. பீரோவில் இருந்த வேட்டைத் துப்பாக்கிகளை உன் சித்தப்பா மகன் எடுத்துப் போய் ரொம்ப நாளாயிற்று, அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. இந்த ஒன்றுதான் அவருக்கு உயிர்.

அப்புறம் விசை கனமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது, லேசாக்கித் தா என்று ஓட்டிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு இருந்த ஒரே நிம்மதியும் அதோடு போயிற்று. மறுநாள் கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி ஓட்டிஸ் கடைக்கே போனேன். சத்தியத்தை மீறினேன், டார்லா. ஓட்டிஸ் எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன், வாயைத் திறக்க மாட்டான். நோயைச் சொன்னேன். 'ராய்ஸ் கேட்டதெல்லாம் பண்ணிக்குடு, ஓட்டிஸ். விசைய வெண்ணெய் மாதிரி ஆக்கிக்குடு. ஆனா அது சுடக் கூடாது' என்றேன்.

அவன் ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். 'நேடீன், சுடாத துப்பாக்கியச் சரி பண்ணித்தான் நான் பொழைக்கிறேன். நல்ல துப்பாக்கியக் கெடுக்கச் சொல்றியே' என்றான். பிறகு, 'அவன் அத நம்பித்தானே வெளிய போறான்? நாளைக்கு நிஜமாவே ஒரு திருடன் வந்தா?' என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'திருடன் வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. நான் தினமும் அந்த வீட்டுக்குள்ள போக வர இருக்கேன், அது தெரியும்' என்றேன். அவன் ரிவால்வரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

முதலில் அவனே ஐந்து குண்டு சுட்டு, நன்றாகச் சுடுகிறது என்று உன் அப்பாவிடம் காட்ட, ஓட்டை விழுந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசியின் முனையை அரத்தால் ராவிக் குறைத்துவிட்டான். விசையை அமுக்கினால் உருளை சுற்றும், சுத்தியல் விழும், சத்தம் கேட்கும். குண்டு மட்டும் வெடிக்காது. உன் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, 'டேய் ஓட்டிஸ், கைராசிக்காரன்டா நீ, பட்டு மாதிரி இருக்கு' என்று அவனைக் கட்டிக்கொண்டார். ஓட்டிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் தாள் இப்போது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் தொங்குகிறது.

தூங்குகிறார், சாப்பிடுகிறார். வெண்டைக்காய் வறுத்தால் இன்னும் ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். உன் அப்பாவை ஏமாற்றுகிறேன் என்று உள்ளே குடைகிறது. ஆனாலும் நானும் இப்போதுதான் தூங்குகிறேன். என்னைத் தப்பாக நினைக்காதே.

அன்புடன்
அம்மா


பைன் ஹாலோ
அக்டோபர்

டார்லா,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை முடி வெட்டிக்கொண்டு, சாமான்கள் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினேன். கிளோவிஸின் மனைவி உன் அப்பாவுக்குப் பேச்சுத் துணையாக இருந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தாள். தூறல். அதனால் நீ அனுப்பிய நீல மழைக்கோட்டு போட்டிருந்தேன். எப்போதும்போல் கேரேஜ் வழியாகச் சமையலறைக்குள் வந்தேன், இரண்டு கையிலும் பை.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ரிவால்வரைப் பிடித்திருந்தார். அந்த ஆரஞ்சு முனை என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கை நடுங்கவே இல்லை. 'யாரு நீ? என் பொண்டாட்டி எங்க? அவள என்ன பண்ணே?' என்றார். 'ராய்ஸ், நான்தான், நேடி' என்றேன். சத்தம் வந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அமுக்கினார். சுத்தியல் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பவும் அமுக்கினார்.

பைகளைக் கீழே போட்டுவிட்டேன். முட்டையெல்லாம் உடைந்து தரையில் ஓடியது. அவர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, 'என்ன நேடி, முட்டையெல்லாம் கொட்டிட்டியே, இரு நான் துடைக்கறேன்' என்று துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். நானும் முழங்காலிட்டு அவரோடு சேர்ந்து துடைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, டார்லா.

மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பயறும் சோளரொட்டியும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தார். 'நேடி, நீ பயந்துருவேன்னுதான் சொல்லல. இன்னிக்கு வீட்டுக்குள்ள ஒருத்தி வந்துட்டா. சுட்டேன், வெடிக்கல. நீ வெளிய போயிருந்ததால தப்பிச்சே. ஓட்டிஸ்கிட்டப் பேசிட்டேன், நாளைக்கே சரி பண்ணிடுவான். அது வர்ற வரைக்கும் கிளோவிஸ்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். அடுத்த தடவ தப்பாது. நான் இருக்கறப்ப உனக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்' என்றார். கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருஷமாக என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்த கையோடு தெருவைக் கடந்து போய்க் கிளோவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணியில் சுற்றி எடுத்து வைத்திருந்தார், காலையில் கொண்டு வருவதற்கு. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 'நானே கொண்டு வந்து குடுத்திருப்பேனே நேடீன், என் கையாலயே குடுத்திருப்பேனே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் இனி தரமாட்டார். ஓட்டிஸ் ஏதோ உதிரிப் பாகம் வர வேண்டும் என்று சொல்லி ரிவால்வரைக் கடையிலேயே வைத்திருக்கிறான். உன் அப்பா தினமும் அவனுக்குப் போன் செய்து கத்துகிறார். நேற்று கார் சாவியைத் தேடினார், அடுத்த ஊர்க் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவிடுவாராம். அங்கே இவரை யாருக்கும் தெரியாது. காசைக் கொடுத்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது சுடும்.

எனக்கு அலுத்துவிட்டது, கண்ணு. பயப்படக்கூட முடியாத அளவுக்கு அலுப்பு. அவரைக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்தில் விடு என்று டாக்டர் சொல்கிறார். அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். நான் இளைத்தவள், காக்கப்பட வேண்டியவள், அவர் கணக்கில் நான் அவ்வளவுதான். நீ சொன்னால் ஒருவேளை கேட்பார். அவர் சுடக் கற்றுக்கொடுத்த ஒரே பிள்ளை நீதான். 'டார்லாகிட்ட எதையும் நம்பிக் குடுக்கலாம்' என்று இப்போதும் சொல்கிறார். அவர் வாயில் உன் பெயர் இன்னும் இருக்கும்போதே வந்துவிடு.

குழந்தையை இந்தத் தடவை யூவனிடமே விட்டுவிட்டு வா. விமான நிலையத்துக்குக் கிளோவிஸ் வருவார். அதற்குள் அவர் கைக்கு எங்கிருந்தாவது ஒரு துப்பாக்கி வந்திருக்குமோ என்னவோ, எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சின்னப் பிள்ளையில் ஓடி வருவாயே, அந்த மாதிரி கேரேஜ் வழியாக வந்துவிடாதே. முன்வாசலுக்கு நேராக, வெளிச்சத்தில் நில். தொப்பி போடாதே. கையில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. தெருவில் இறங்கும்போதே, 'அப்பா, நான் டார்லா, உங்க பொண்ணு' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வா. அவர் பதில் சொன்ன பிறகு படியேறு. நானும் இப்போது என் வீட்டுக்குள் அப்படித்தான் போகிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா