மஞ்சள் மீனின் மூடிய வாய்

14 மார்ச் 1967, செவ்வாய்

இன்று காலை செய்ததை எழுதாமல் படுக்க முடியாது.

தொட்டியிலுள்ள ஆப்பிரிக்க ஏரி மீன்களில், மஞ்சள் பெட்டை பதினாறு நாட்களாக எதையும் தின்னவில்லை. தொண்டை உப்பியிருந்தது. நாள்தோறும் ‘உண்ணவில்லை’ என்று குறித்து வந்தேன். கூழாங்கல் சிக்கியிருக்கும் என்று நானே முடிவு செய்தேன்.

“அது பாட்டுக்கு இருக்கு, சும்மா விடுங்களேன்,” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. மீனைப் பிடித்து, தொட்டிக்கு மேலேயே தீக்குச்சியால் வாயைத் திறந்தேன்.

கல் விழவில்லை. கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் விழுந்தன. நான் கையை எடுப்பதற்குள் நீல ஆண்மீன் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

மாலையில் சிராங்கூன் சாலையில் மீன் விற்கும் காதர் பாயிடம் போய்ச் சொன்னேன்.

“என்ன சார், இது வாயிலயே குஞ்சு வளர்க்குற மீன் லா! புள்ளைங்கள வாயில வச்சுக்கிட்டு எப்படித் திங்கும்? இவ்வளவு படிச்சவரு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

கேட்கக் கூச்சமாக இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து புழு போட்டேன். மற்ற மீன்கள் பாய்ந்து வந்தன. மஞ்சள் பெட்டை மூலையில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னக் கூழாங்கல்லை வாயில் எடுத்தது. துப்பிவிடும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். துப்பவில்லை. நான் கண்ணாடியருகே குனிந்ததும், வாயை இறுக மூடிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

இன்றைக்கும் ‘உண்ணவில்லை’ என்றுதான் குறித்திருக்கிறேன்.