அந்த மருந்தும் மருந்துதான்

ராசிங்காபுரம்

மாமாவுக்கு,

தோட்டத்தில் டவர் கிடைக்காததால் இதை ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "மோட்டார் தண்ணியில குளிச்சிட்டு வாங்க" என்றேன். "ஏலக்கா வாசம் மகாராணிக்குப் பிடிக்கலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஜீப்பிலேயே மலையேறிவிட்டீர்கள். அத்தை பக்கத்தில் நின்றதால் காரணத்தைச் சொல்லவில்லை. மூத்தவளைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவள் வயிற்றில் இருந்தபோது, "மருந்து எதுவும் எடுக்குறியா?" என்று நர்சம்மா மாதாமாதம் கேட்பார். "தலைவலிக்குக்கூடத் தொடலக்கா" என்று பெருமையாகச் சொல்வேன். செடிக்கு மருந்தடித்துவிட்டு நீங்கள் கொண்டுவரும் சட்டையை வாராவாரம் நான்தான் துவைத்தேன். அதுவும் மருந்துதான் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

இப்போதைய நர்ஸ் போடிக்காரர். "வீட்டுக்காரரு என்ன சோலி பாக்குறாரு?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். "அந்தத் துணியத் தொடாத ஆத்தா" என்றார்.

"அதுலதான் மூத்தது போச்சா?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. இப்ப வயித்துல இருக்குற இதுக்கு ஆகாதுன்னு மட்டும் சொல்றேன்."

இனி தோட்டத்திலேயே குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு வாருங்கள். மருந்தடித்த துணி அங்கேயே இருக்கட்டும்.

அன்று நீங்கள் தெருமுனை திரும்பும்போதுதான் வயிற்றில் பிள்ளை முதல்முறையாக அசைந்தது. கூப்பிட வாயெடுத்தேன். கேட்டதும் அப்படியே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வீர்கள் என்று பயந்து, கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டுக்காரி