கேற் திறந்து கிடந்த பின்னேரம்

செவ்வாய், இரவு

குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசல் கேற் திறந்து கிடந்தது, மகளைக் காணவில்லை. ஐந்து வயது, ஓட்டிசம். பெயர் சொல்லிக் கத்தினால் இன்னும் தூர ஓடுவாள். வாயை மூடிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினேன்.

பஸ் நிலையத்தடியில், ஊருக்குள் எப்போதும் மேய்ந்து திரியும் மான்களுக்கு நடுவே குந்தியிருந்தாள். மீன் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் சைக்கிளைக் குறுக்கே போட்டு வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றார்.

"நான் தொடல்ல தங்கச்சி. தொட்டா புள்ள பயந்து ரோட்டுக்குப் பாஞ்சிரும்."

அவளருகிலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். என் மடியில் சாய்ந்தாள்.

இப்போது நல்ல நித்திரை. நாளைக்கே பூட்டு மாற்ற வேண்டும்.

"பிள்ளைக்கு என்ன?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நானா போகும்போது, "புள்ளட பேரென்ன?" என்று கேட்டார்.

யாழினி என்றேன்.